பழைய போலச்செய் விளையாட்டுகளும் காப்புக் கோப்புறைகளும்

ஒவ்வொரு கருவியும் தான் ஆக்கப்பட்ட காலத்து வழக்கங்களைத் தன்னுட் கொண்டே பிறக்கின்றது. அவ்வழக்கங்கள் மாறிய பின்னரும் கருவி மாறாது நிலைக்குமாயின், அதற்கும் அது வாழ நேர்ந்த புதிய உலகுக்கும் இடையே பிணக்கு விளைதல் இயல்பு. கணினி வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, 1980 களிலிருந்து 2000 களின் முற்பகுதி வரை ஆக்கப்பட்ட போலச்செய் விளையாட்டுகள் இக்காலப் பணிசெயல் முறைமைகளில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடாகும். விமானம் செலுத்துதல், புகையிரதம் ஓட்டுதல், நகரம் அமைத்தல் முதலாய மெய்த்தொழில்களைத் திரையிலே போலச்செய்து காட்டும் இவ்விளையாட்டுகளைப் புதிய கணினியில் நிறுவுவோர், அவை திறக்கவும் இயங்கவும் கண்டு மகிழ்வர். பின்னர், தாம் அமைத்த நகரம் சேமிக்கப்படவில்லை என்றோ, தாம் சேர்த்த விமானம் பட்டியலில் இல்லை என்றோ அறிந்து மயங்குவர். இயந்திரத்தின் வலிமைக் குறைவு இதற்குக் காரணமன்று. எழுதும் உரிமை மறுக்கப்பட்டமையே காரணமாகும். அவ்வுரிமை முதலில் எவ்வாறு கேளாமலே கிடைத்தது, பின்னர் ஏன் மறுக்கப்பட்டது, மறுப்புக்கும் தேவைக்கும் இடையே எத்தகைய இணக்கங்கள் காணப்பட்டன என்பன வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கன.

போலச்செய் விளையாட்டுகளின் தோற்றம்

இவ்வகை விளையாட்டுகளுட் பழையதும் நெடுநாள் நிலைத்ததும் விமானஞ் செலுத்தும் விளையாட்டாகும். அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்திற் பயின்ற புறூஸ் ஆட்விக் என்பார், பறக்கும் விமானத்திலிருந்து காணப்படும் காட்சியைக் கணினி வரைந்து காட்டுதல் பற்றி 1975 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வேடு எழுதினார். அவ்வாராய்ச்சியே அப்பிள் 2 கணினிக்குரிய விளையாட்டாக 1979 ஆம் ஆண்டையொட்டி உருப்பெற்றது. ஐ. பி. எம். நிறுவனத்தின் தனியாட் கணினிக்கென 1982 ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதனைப் பிளைற் சிமுலேற்றர் எனும் பெயரில் வெளியிட்டது. அத்தொடரின் பதிப்புகளுள் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பு றைற் சகோதரர் பறந்த 1903 ஆம் ஆண்டின் நூற்றாண்டு நினைவாக வந்தது. பத்தாம் பதிப்பு 2006 ஆம் ஆண்டில் வந்தது. அதனை ஆக்கிய பணிமனை 2009 ஆம் ஆண்டு சனவரியில் மூடப்பட்டது.

நகரம் அமைக்கும் விளையாட்டு வேறொரு வழியிற் பிறந்தது. வில் றைற் என்பார் 1984 ஆம் ஆண்டில் வெளியான ஒரு போர் விளையாட்டுக்காகத் தீவுகளையும் ஊர்களையும் வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றை அழிப்பதினும் ஆக்குவதே இன்பம் பயப்பதாகக் கண்டார். நகரங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் கணித முறையால் விளக்க முயன்ற ஜே பொறஸ்ரர் 1969 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் கருத்துகள் அவருக்குத் துணையாயின. அவற்றின் பயனாக 1989 ஆம் ஆண்டிற் சிம்சிற்றி வெளிவந்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சோயர் 1994 ஆம் ஆண்டிற் போக்குவரத்துக் குழுமம் நடத்தும் ரிறான்ஸ்போட் ரைக்கூன் எனும் விளையாட்டையும், 1999 ஆம் ஆண்டிற் கேளிக்கைப் பூங்கா நடத்தும் றோலர்கோஸ்ரர் ரைக்கூன் எனும் விளையாட்டையும் ஆக்கினார். 2001 ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் புகையிரதம் ஓட்டும் ரெயின் சிமுலேற்றரை வெளியிட்டது.

ஏனைய கணினி விளையாட்டுகளினின்றும் இவற்றை வேறுபடுத்தும் இயல்பு ஒன்றுண்டு. இவற்றுக்கு முடிவு இல்லை. வெற்றி தோல்வி என்பனவும் சிறுபான்மையே. விளையாடுவோன் ஆக்கிய நகரமும், தீட்டிய நேர அட்டவணையும், சேர்த்த விமானமும் புகையிரதப் பாதையும் மாதந்தோறும் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே செல்கின்றன. ஆகவே, இவ்விளையாட்டுகள் வாசிக்கப்படும் நூல்கள் போன்றன அல்ல. எழுதப்படும் குறிப்பேடுகள் போன்றன. எழுதுதல் தடைப்படின் இவை விளையாட்டாதற்குரிய இயல்பையே இழக்கின்றன. பிணக்கின் வேர் ஈண்டே உள்ளது.

ஒருவரே உடைமையாளராயிருந்த காலம்

1981 ஆம் ஆண்டில் வந்த எம். எஸ். டொஸ் எனும் பணிசெயல் முறைமையில் உரிமை, அனுமதி எனும் கருத்துகளுக்கு இடமே இல்லை. அது கோப்புகளைப் பதிந்து வைத்த எப். ஏ. ரி. முறையில் ஒரு கோப்பின் பெயர், அளவு, திகதி ஆகியன குறிக்கப்பட்டன. அது யாருடையது என்பது குறிக்கப்படவில்லை. மேசைமேல் இருக்கும் கணினி அதன்முன் அமர்ந்திருப்பவருக்கே உரியது என்பது அக்காலத்துக் கொள்கை. எச்செய்நிரலும் தட்டின் எப்பகுதியையும் வாசிக்கலாம், எழுதலாம், அழிக்கவும் செய்யலாம்.

இச்சூழ்நிலையில், ஒரு விளையாட்டுத் தனக்கென ஒரு கோப்புறையை அமைத்து, தன் இயங்கு கோப்பு, படங்கள், ஒலிகள், அமைப்புக் குறிப்புகள், விளையாடுவோன் சேமித்தவை ஆகிய யாவற்றையும் அதனுள்ளேயே வைத்தல் நல்லொழுங்காகக் கருதப்பட்டது. அக்கோப்புறையை அவ்வாறே நெகிழ்தட்டுகளிற் பிரதிசெய்தால் விளையாட்டும் விளையாடுவோனின் உழைப்பும் ஒருங்கே வேறொரு கணினிக்குச் சென்றுவிடும். 1995 ஆம் ஆண்டில் விண்டோஸ் 95 வந்தபோது செய்நிரல்களுக்கெனப் புறோகிராம் பைல்ஸ் எனும் பொதுக் கோப்புறை ஏற்பட்டது. அதுவும் இவ்வழக்கத்தை மாற்றவில்லை. இடத்தை மட்டுமே மாற்றியது. றோலர்கோஸ்ரர் ரைக்கூன் தன் கோப்புறைக்குள்ளேயே சேமித்த பூங்காக்களுக்கென ஓர் உட்கோப்புறையை வைத்திருந்தது. ரெயின் சிமுலேற்றர் தன் பாதைகளையும் வண்டிகளையும் தன்னகத்தே வைத்தது. 2003 ஆம் ஆண்டுப் பிளைற் சிமுலேற்றர், எந்நிலக்காட்சிகள் எவ்வரிசையிற் காட்டப்படல் வேண்டும் என்னும் பட்டியலைத் தன் தலைமைக் கோப்புறையிலேயே எழுதியது. பணிசெயல் முறைமையை ஆக்கிய நிறுவனமே வெளியிட்ட விளையாட்டுகளும் இவ்வாறு அமைந்தமையால், இதனைச் சில செய்நிரலரின் கவனக்குறைவு எனல் பொருந்தாது. அஃது அக்காலத்தின் பொதுவழக்கம்.

அன்றியும், இவ்வழக்கமே அவ்விளையாட்டுகளின் செழிப்புக்குக் காரணமாயிற்று. கோப்புறை திறந்திருந்தமையால் ஆர்வலர் பலர் தாம் ஆக்கிய விமானங்களையும் நிலக்காட்சிகளையும் பாதைகளையும் அதனுட் சேர்த்தனர். உலகெங்கும் பல்லாயிரம் ஆக்கங்கள் இங்ஙனம் எழுந்தன. அவற்றுள் ஒவ்வொன்றின் நிறுவற் குறிப்பும், "இக்கோப்பை விளையாட்டின் கோப்புறையில் இடுக" என்னும் பொருள்படவே அமைந்தது.

பகிர்வுக் கணினிகளும் காப்புச் சட்டமும்

தனியாட் கணினிகள் தோன்றுவதற்கு முன்னரே வேறொரு மரபு தோன்றியிருந்தது. ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே நேரத்திற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்னாண்டோ கோர்பற்றோ முதலியோரால் 1961 ஆம் ஆண்டிற் செய்து காட்டப்பட்டது. பலர் கூடி வாழும் வீட்டில் அறைகளுக்குப் பூட்டு வேண்டும். அதுபோல ஒருவர் கோப்பை மற்றொருவர் அழியாவண்ணம் காத்தல் இன்றியமையாததாயிற்று. 1965 ஆம் ஆண்டளவில் தொடங்கிய மல்ரிக்ஸ் திட்டத்தில், ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் என்னென்ன செய்யலாம் என்னும் பட்டியல் வகுக்கப்பட்டது. 1969 ஆம் ஆண்டிற் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யூனிக்ஸ் முறைமை உரிமையாளர், குழுவினர், பிறர் எனும் எளிய பாகுபாட்டை வழக்கிற் கொணர்ந்தது. 1975 ஆம் ஆண்டில் ஜெறோம் சோல்ற்சரும் மைக்கேல் ஷுறோடரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்வனுபவங்களைக் கொள்கைகளாகத் தொகுத்தது. ஒரு செய்நிரலுக்கு அதன் பணிக்கு வேண்டிய அளவினும் மிகுந்த உரிமை வழங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

இக்கொள்கை மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஆக்கங்களுள் 1993 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என். ரி. வழியாகப் புகுந்தது. அதன் என். ரி. எப். எஸ். எனும் கோப்புமுறை ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரையும் அனுமதிப் பட்டியலையும் வைத்திருந்தது. ஆயினும் அஃது அலுவலகங்களுக்கே உரியதாயிருந்தது. வீட்டுக் கணினிகள் டொஸ் மரபிலேயே இயங்கின. இவ்விரு மரபுகளும் 2001 ஆம் ஆண்டிற் போந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒன்றாயின. சட்டம் வீட்டுக்குள் வந்தது; எனினும் நடைமுறைக்கு வரவில்லை. கணினியை நிறுவும்போது ஆக்கப்பட்ட பயனர் கணக்குகள் யாவும் முழு அதிகாரம் படைத்த நிருவாகிக் கணக்குகளாக அமைந்தமையே அதற்குக் காரணம். நிருவாகிக்கு எக்கோப்புறையும் திறந்தே கிடக்கும் ஆதலின், பழைய விளையாட்டுகள் தமக்கு எதிரே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருப்பதை அறியாமலே இயங்கின.

அச்சுவரின் வாயில் நெடுநாள் திறந்திருக்க இயலவில்லை. இணையம் வீடுதோறும் பரவியதும், அயலார் எழுதிய தீச்செய்நிரல்களும் அதே நிருவாகி உரிமையோடு உள்ளே இயங்கலாயின. 2002 ஆம் ஆண்டு சனவரியிற் பில் கேற்ஸ் தம் நிறுவனத்தார்க்குப் பாதுகாப்பே முதலிடம் பெறல் வேண்டும் என அறிவுறுத்தி மடல் எழுதினார். 2003 ஆம் ஆண்டு ஓகத்தில் பிளாஸ்ரர் எனும் புழு உலகெங்கும் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது. இவற்றின் விளைவாக, 2007 ஆம் ஆண்டு சனவரியிற் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட விண்டோஸ் விஸ்ராவிற் பயனர் கணக்குக் கட்டுப்பாடு எனும் ஏற்பாடு இடம்பெற்றது. இதன்படி, நிருவாகியாக உள்ளவரும் வெளிப்படையாக இசைவு அளித்தாலன்றி, அவர் இயக்கும் செய்நிரல் சாதாரண உரிமையோடு மாத்திரமே இயங்கும். புறோகிராம் பைல்ஸ் கோப்புறையில் எழுதுதல் சாதாரண உரிமைக்கு அப்பாற்பட்டது. இருபது ஆண்டுப் பொதுவழக்கம் ஒன்று இங்ஙனம் ஒரே பதிப்பில் விதிமீறலாக மாறியது.

நிழற் களஞ்சியம்

இம்மாற்றத்தால் ஆயிரக்கணக்கான பழைய செய்நிரல்கள் செயலிழக்கும் என்பதை முறைமையை ஆக்கியோர் அறிந்திருந்தனர். ஆகவே அவர்கள் ஓர் உபாயம் வகுத்தனர். பழைய 32 பிற் செய்நிரல் ஒன்று காப்புக் கோப்புறையில் எழுத முயன்றால், முறைமை அதனைத் தடுத்து நிறுத்தாது. எழுதப்படுவதை அப்பயனருக்கே உரிய வேறோர் இடத்துக்கு அமைதியாகத் திருப்பிவிடும். அவ்விடம் வேர்ச்சுவல் ஸ்ரோர் எனப்படும் மறைவான கோப்புறையாகும். அதே செய்நிரல் மீண்டும் அக்கோப்பை வாசிக்க நாடின், முறைமை முதலில் இந்நிழற் களஞ்சியத்தில் தேடி, அங்குள்ள பிரதியையே எடுத்துக் கொடுக்கும். செய்நிரலோ தன் சொந்தக் கோப்புறையில் எழுதி, அங்கிருந்தே வாசித்ததாக எண்ணும்.

தனித்து இயங்கும் செய்நிரலுக்கு இவ்வுபாயம் போதுமானதே. ஆனாற் போலச்செய் விளையாட்டுகளின் கோப்புறையில் விளையாட்டு மட்டும் எழுதுவதில்லை. அதன் உரிமையாளரும் எழுதுகின்றார். பிறர் ஆக்கிய நிறுவற் செய்நிரல்களும் எழுதுகின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உரிமையோடு இயங்குவதால் ஒரே கோப்பின் இருவேறு பிரதிகளைக் காண்கின்றன. எடுத்துக்காட்டாக, 2003 ஆம் ஆண்டுப் பிளைற் சிமுலேற்றரில் நிலக்காட்சிப் பட்டியலை விளையாட்டு ஒருமுறை மாற்றியதும் அப்பட்டியலின் பிரதியொன்று நிழற் களஞ்சியத்தில் உண்டாகும். பின்னர் உரிமையாளர் நிருவாகி உரிமையோடு ஓர் எழுதுகருவியைத் திறந்து மூலப் பட்டியலைத் திருத்துகின்றார். திருத்தம் மூலத்தில் ஒழுங்காகப் பதிகின்றது. விளையாட்டோ நிழற்பிரதியையே வாசிக்கின்றது. மூலத்தை எத்தனை முறை திருத்தினும் பயன் விளைவதில்லை.

இதனினும் துயர் தருவது பிறிதொன்று. பல மாதங்கள் சாதாரண உரிமையோடு விளையாடி வந்த ஒருவர், யாரோ கூறிய அறிவுரையைக் கேட்டு, விளையாட்டை நிருவாகி உரிமையோடு இயக்குகின்றார் எனக் கொள்வோம். நிருவாகி உரிமையோடு இயங்கும் செய்நிரலுக்குத் திருப்பிவிடுதல் நடைபெறாது. அது மூலக் கோப்புறையையே காணும். அம்மூலக் கோப்புறையில் அவர் சேமித்தவை எவையும் இருந்ததில்லை. ஆகவே அவர் அமைத்த பூங்காக்களும் ஓட்டிய பயணங்களும் ஒரு நொடியில் மறைந்தன போலத் தோன்றும். அவை அழியவில்லை, பயனரின் மறைவான கோப்புறையிற் பத்திரமாகவே உள்ளன. இதனை அறியாதோர் எல்லாம் அழிந்தன எனக் கருதி, விளையாட்டை நீக்கி, கணினியையும் துடைத்து, உண்மையாகவே அவற்றை இழத்தல் கூடும். ஒரே கணினியில் இரு பயனர் இருப்பின் ஒருவர் சேமித்ததை மற்றவர் காணார் என்பதும் ஈண்டுக் கருதற்பாலது.

பத்தாம் பதிப்பான பிளைற் சிமுலேற்றர் விஸ்ராவுக்குச் சில மாதங்கள் முன்னரே வந்ததாயினும், அது நிலக்காட்சிப் பட்டியலைத் தன் கோப்புறையினின்றும் அகற்றி, பொதுத் தரவுகளுக்குரிய வேறு கோப்புறையில் வைத்தது. வரவிருந்த சட்டத்தை ஆக்கியோர் உணரத் தொடங்கினர் என்பதற்கு இது சான்று. ஆயினும் விமானங்களும் ஏனைய சேர்க்கைகளும் பழைய இடத்திலேயே தொடர்ந்தமையால் இடர்ப்பாடு முற்றும் நீங்கிற்றில்லை.

தீர்வுகளும் அவற்றின் தராதரமும்

இவ்விடர்ப்பாட்டுக்கு ஆர்வலர் கண்ட தீர்வுகள் நான்கு வகைப்படும். அவை ஒருதன்மையன அல்ல.

முதலாவது, விளையாட்டைப் புறோகிராம் பைல்ஸ் கோப்புறைக்கு வெளியே, தட்டின் அடிமட்டத்தில் அமைத்த புதுக் கோப்புறையில் நிறுவுதல். காப்பு என்பது தட்டு முழுவதற்கும் உரியதன்று. குறித்த சில கோப்புறைகளுக்கே உரியது. அடிமட்டத்தில் ஆக்கப்படும் புதிய கோப்புறையில் அக்கணினியின் பயனர் யாவரும் எழுதலாம் என்பது முறைமையின் இயல்பான ஏற்பாடு. ஆகவே அங்கு நிறுவப்படும் விளையாட்டுக்குத் திருப்பிவிடுதலும் நிழற்பிரதியும் நேர்வதில்லை. காப்பும் எவ்விடத்தும் தளர்த்தப்படுவதில்லை. நான்கனுள் இதுவே தலையாயது.

இரண்டாவது, விளையாட்டை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் கோப்புறைக்கு மாத்திரம் எழுதும் அனுமதியைப் பயனருக்கு வழங்குதல். இதுவும் ஏற்கத்தக்கதே. அனுமதி ஒரு கோப்புறையளவில் நிற்பதால் ஏதம் சிறிது.

மூன்றாவது, விளையாட்டை எப்போதும் நிருவாகி உரிமையோடு இயக்குதல். செய்வதற்கு எளிது என்பதனால் இது பெருவழக்காயிற்று. எளிது என்பதனாலேயே இதன் தீங்கும் மறைந்து நிற்கின்றது. நகரம் அமைக்கும் விளையாட்டுக்குக் கணினி முழுவதையும் ஆளும் உரிமை வேண்டியதில்லை. விளையாட்டோடு சேர்க்கப்படும் பிறர் ஆக்கங்களுள் சில தாமே இயங்கும் நிரல்களாதலின், அவையும் அவ்வுரிமையைப் பெறுகின்றன. நான்காவது, பயனர் கணக்குக் கட்டுப்பாட்டையே முற்றாக நீக்குதல். இது கடையாயது. ஒரு பொம்மையை அறைக்குட் கொண்டு செல்வதற்காக வீட்டின் கதவைக் கழற்றி எறிதலை ஒக்கும்.

இரண்டாஞ் சுவர்

விஸ்ராவின் பின் எழுதப்பட்ட விளையாட்டுகள் பெரும்பாலும் புதிய சட்டத்துக்கு அமைந்தன. செய்நிரல் ஓரிடத்திலும், விளையாடுவோன் சேமித்தவை அவருடைய ஆவணங்கள் எனும் கோப்புறையிலும் வைக்கப்பட்டன. இத்துடன் பிணக்கு முடிவுற்றிருத்தல் கூடும். ஆனால் தீச்செய்நிரல்களின் இயல்பும் மாறியது. செய்நிரல்களைக் கெடுப்பதினும் ஒருவருடைய கடிதங்களையும் நிழற்படங்களையும் பூட்டிவைத்துப் பணம் பறித்தலே ஆதாயம் தரும் எனக் கண்டோர், கப்பங்கோரும் மென்பொருள்களை ஆக்கினர். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னாகிறை எனும் மென்பொருள் பல நாடுகளிற் பரவி, பிரித்தானியாவின் வைத்தியசாலைகளையும் முடக்கியது. பழைய காப்பு செய்நிரல்களின் இருப்பிடத்தைக் காத்தது. மனிதரின் ஆவணங்களைக் காக்கவில்லை என்பது இதனால் வெளிப்பட்டது. பயனருக்குத் தம் ஆவணங்களில் எழுத உரிமையுண்டாதலின், அவர் பெயரில் இயங்கும் தீச்செய்நிரலுக்கும் அவ்வுரிமை கிட்டிற்று.

2017 ஆம் ஆண்டு ஒற்றோபரில் வந்த விண்டோஸ் 10 இன் புதுப்பதிப்பிற் கட்டுப்படுத்திய கோப்புறை அணுகல் எனும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இதனைப் பயனரே விரும்பி இயக்குதல் வேண்டும். இயக்கியபின், ஆவணங்கள், படங்கள், இசை முதலிய கோப்புறைகளில் முறைமையின் நம்பிக்கையைப் பெற்ற செய்நிரல்கள் மாத்திரமே எழுதலாம். பழைய விளையாட்டுகளும் தன்னார்வலர் ஆக்கங்களும் அந்நம்பிக்கையைப் பெறத்தக்க பரவலான புழக்கம் உடையன அல்ல. ஆகவே முதற்சட்டத்துக்குப் பணிந்து ஆவணங்களுக்கு இடம்பெயர்ந்த விளையாட்டுகளே இரண்டாஞ் சட்டத்தால் தடுக்கப்படலாயின. முந்திய காப்பு எழுதுபவர் யார் என வினாவியது. பிந்திய காப்பு எழுதும் செய்நிரல் எது என வினாவுகின்றது. இவ்வேறுபாட்டை அறிந்தோர்க்குத் தீர்வும் எளிது. நிருவாகி உரிமையோடு இயக்குதல் இங்குப் பயன்படாது. அவ்விளையாட்டின் இயங்கு கோப்பை அனுமதி பெற்ற செய்நிரல்களின் பட்டியலிற் சேர்த்தலே முறையாகும்.

வேறு தடைகளும் பழையன பேணும் முயற்சிகளும்

கோப்புறைக் காப்பு ஒன்றே பழைய விளையாட்டுகளுக்குத் தடையன்று. 64 பிற் விண்டோஸ் முறைமைகள் 16 பிற் செய்நிரல்களை இயக்குவதில்லை. 2021 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 தனியாட் கணினிகளுக்கு 64 பிற் வடிவில் மாத்திரமே வந்தது. இறுவட்டுகளைக் களவாகப் பிரதிசெய்தலைத் தடுக்கும் சேவ்டிஸ்க் எனும் ஏற்பாடு, முறைமையின் உள்ளகத்தில் இயங்கும் ஒரு செலுத்தி மென்பொருளை நாடியது. அதிலிருந்த ஓட்டை காரணமாக, 2015 ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 அதனை இல்லாமலே வந்தது. அதே ஆண்டிற் பழைய பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய இறுவட்டுகள் பல அன்றோடு இயங்காதொழிந்தன.

புதியது பழையதற்கு வழிவிட்ட நிகழ்ச்சியும் உண்டு. விண்டோஸ் 3 தொடருக்கு எழுதப்பட்ட சிம்சிற்றியில் ஒரு பிழை இருந்தது. தான் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை அது மீண்டும் வாசித்தது. பழைய முறைமையில் அப்பகுதி உடனே பிறர் கைக்குச் செல்லாமையாற் பிழை வெளிப்படவில்லை. விண்டோஸ் 95 இன் சோதனைப் பதிப்புகளில் வெளிப்பட்டது. முறைமையை ஆக்கியோர், சிம்சிற்றி இயங்குகின்றதா எனக் கண்டறிந்து, இயங்குமாயின் நினைவகத்தை உடனே மீளப்பெறாது தாமதிக்கும் தனி ஏற்பாட்டைச் செய்தனர் என ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிற் குறிப்பிட்டுள்ளார். ஒரு விளையாட்டின் பொருட்டு ஒரு முறைமையே வளைந்து கொடுத்த இந்நிகழ்ச்சி, பழைய செய்நிரல்கள் இயங்குதலை அக்காலத்தார் எத்துணை மதித்தனர் என்பதைப் புலப்படுத்தும்.

ஆர்வலர் கண்ட வழிகள் இருவகைப்பட்டன. ஒன்று, பழைய உலகத்தையே சிற்றளவிற் படைத்துக் கொடுத்தல். 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த டொஸ்பொக்ஸ் இவ்வகையினது. அது பயனரின் ஒரு கோப்புறையைப் பழைய செய்நிரலுக்கு முழுத் தட்டாகக் காட்டுகின்றது. செய்நிரல் தான் கணினி முழுவதையும் ஆள்வதாக எண்ணிக்கொண்டு அக்கோப்புறைக்குள் விரும்பியவாறு எழுதும்; புறவுலகுக்கு அதனால் தீங்கில்லை. மற்றொன்று, விளையாட்டின் இயங்கு பகுதியைப் புதிதாக எழுதுதல். ரிறான்ஸ்போட் ரைக்கூனுக்கு 2004 ஆம் ஆண்டில் ஓப்பின் ரி. ரி. டி. என்பதும், றோலர்கோஸ்ரர் ரைக்கூன் 2 இற்கு 2014 ஆம் ஆண்டில் ஓப்பின் ஆர். சி. ரி. 2 என்பதும் எழுந்தன. ரெயின் சிமுலேற்றரின் பாதைகளை இயக்கவல்ல ஓப்பின் றெயில்ஸ் என்பதன் முதலாம் முழுப்பதிப்பு 2015 ஆம் ஆண்டில் வந்தது. ஓப்பின் ஆர். சி. ரி. 2, மூல விளையாட்டின் கோப்புறையிலுள்ள படங்களையும் ஒலிகளையும் வாசித்துக்கொண்டு, சேமிப்பனவற்றைப் பயனருடைய கோப்புறையில் எழுதுகின்றது. வாசிப்பது ஓரிடம், எழுதுவது ஓரிடம் என்னும் இப்பாகுபாடே பிணக்கின் நேரிய தீர்வாகும்.

பேணத்தகும் பொருள்

விளையாட்டின் பொருட்டு இத்துணை முயற்சி வேண்டுமோ எனும் வினா எழலாம். பிளைற் சிமுலேற்றரின் முற்பதிப்புகளில் விளையாடுவோன் சிக்காகோ நகரின் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் விமான நிலையத்திலிருந்தே முதற்பறப்பைத் தொடங்குவான். அந்நிலையத்தின் ஓடுபாதை 2003 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஓரிரவில் நகர முதல்வரின் ஆணையால் இடிக்கப்பட்டது, அந்நிலம் பூங்காவாயிற்று. பழைய பதிப்புகளில் அந்நிலையம் இன்னும் திறந்தே உள்ளது. ரெயின் சிமுலேற்றரில் இடம்பெற்ற பாதைகளுள் ஒன்று ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள ஹிசற்சு மலைப்பாதை. 1909 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பகுதி, மலையைச் சுற்றிவரும் வளையத்தையும், வண்டி முன்னும் பின்னுமாக ஏறும் ஓகோபா நிலையத்தையும் உடையது. 2020 ஆம் ஆண்டு சூலை மாதப் பெருவெள்ளத்தால் அப்பாதை சிதைந்து, பல ஆண்டுகள் வண்டியின்றிக் கிடந்தது. 2001 ஆம் ஆண்டின் இறுவட்டை இயக்க வல்லார்க்கு அம்மலைமேல் வண்டி இன்றும் ஏறுகின்றது.

இவ்வாறு, போலச்செய் விளையாட்டுகள் தம்மை அறியாமலே காலத்தின் பதிவேடுகளாயுள்ளன. அவற்றோடு, அவற்றை விளையாடியோரின் நெடுங்கால உழைப்பும் பிணைந்துள்ளது. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்ரறி பவுண்டேசன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 வணிக வழியிற் கிடைப்பனவல்ல. விற்பனைக்கு இல்லாத ஒன்றைப் புதிய முறைமைக்கேற்பத் திருத்தி வெளியிட அதன் ஆக்கியோர் முன்வருதல் அரிது. ஆகவே, பெரும்பாலானவற்றின் நிலைபேறு பழைய பிரதிகளை வைத்திருப்போரின் அறிவையே சார்ந்துள்ளது.

முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், பழைய விளையாட்டும் புதிய காப்பும் தத்தம் காலத்துத் தேவைக்கு நேர்மையாகவே அமைந்தன என்பதாம். ஒருவரே உடைமையாளராயிருந்த காலத்தில் திறந்த கோப்புறை நல்லொழுங்கு; அயலார் நுழைவாயில்கள் பெருகிய காலத்திற் பூட்டிய கோப்புறை நல்லொழுங்கு. சட்டத்தை நீக்குதலும் பழையதைக் கைவிடுதலும் ஆகிய இரண்டும் வேண்டப்படுவன அல்ல. பழையதற்கு அதன் அளவுக்கேற்ற ஓரிடத்தைக் காப்பின் எல்லைக்கு வெளியே வகுத்துக் கொடுப்பதும், எழுதப்படுவன எவ்விடத்தில் உள்ளன என்பதை அறிந்து அவற்றைப் பிரதிசெய்து வைப்பதுமே போதுமானவை. அனுமதி ஒரு கோப்புறையளவிலோ ஒரு செய்நிரலளவிலோ நிற்குமாயின் வீடும் காக்கப்படும். வீட்டிலுள்ள பழம்பொருளும் பயன்படும். கோப்பு எங்கே எழுதப்படுகின்றது என்னும் சிறிய வினாவுக்கு விடை அறிந்திருப்பவர், தாம் பல்லாண்டு கட்டிய நகரத்தை எளிதில் இழக்கமாட்டார்.